மொஹெயின் நெஞ்சுக்குள் போன முரசு

ஷியோதே பிரபு ஆற்றங்கரைப் போரில் தோற்று, அவருடைய கோட்டை எரிந்து, அவருடைய கொடி சேற்றில் மிதிபட்டுக் கிடந்த வருஷத்தில், இவானே பள்ளத்தாக்கின் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நின்று நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், மலைவளைவுக்கு அப்பாலிருந்து போர் முரசு கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. நாற்றுமுடிகளை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு எல்லாரும் மூங்கில் காட்டுக்குள் ஓடினார்கள். ஒசென்னும் ஓடினாள். சருகின் மேல் குப்புறப் படுத்துக் காதைத் தரையில் வைத்தபோது, மண்ணுக்குள்ளிருந்தும் அதே சத்தம் வந்து அவள் பல்லை ஆட்டியது. வருவது ஜெயித்த ஹிஷினுமாவின் படை என்றால் ஊர் மிஞ்சாது, தோற்ற ஷியோதேவின் படை என்றால் தானியம் மிஞ்சாது என்று எண்ணியபடி அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படையை எதிர்பார்த்துக் கிடக்க, முரசு நெருங்கி, இன்னும் நெருங்கி, வளைவைத் தாண்டி வந்தபோது, அதோடு வந்தது ஒரே ஓர் ஆள்.

அவன் ஒசென்னின் புருஷன் மொஹெய். போருக்குப் பிடித்துக்கொண்டு போகும்போது, இவ்வளவு அகலமான முதுகு வீணாகக் கூடாது என்று சொல்லி, பிரபுவின் பெரிய முரசை அவன் முதுகில்தான் கட்டினார்கள். அவன் சுமந்து நடப்பான். இன்னொருவன் பின்னால் நடந்தபடி அடிப்பான். இப்போது அவன் முதுகில் முரசு இல்லை. கயிறு அறுத்த தழும்புகள் மட்டும் தோளில் இருந்தன. ஆனால் சத்தம் அவனோடுதான் வந்தது, அவனுக்கு முன்னாலும் வந்தது.

ஒசென் மூங்கிலை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"கிட்ட வராதே ஒசென்," என்று அவன் கையைக் காட்டினான். "எனக்குள்ள என்னமோ புகுந்துடுச்சு."

அவள் கேட்கவில்லை. அவன் மார்பில் கையை வைத்தாள். சூடான பாத்திரத்தைத் தொட்ட மாதிரி அவள் கை தானாகத் துள்ளி விலகியது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் துள்ளியது. முரசு அவன் நெஞ்சுக்குள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

நடந்ததை அவன் ஒரு தடவைதான் சொன்னான், அதுவும் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு. மெதுவாக அடித்தால் வரிசையில் நில். சீராக அடித்தால் முன்னால் நட. விடாமல் அடித்தால் பாய். திரும்பி வரச் சொல்ல முரசுக்குத் தெரியாது, அதற்கு வெண்கல மணி தனியாக இருந்தது. ஆற்றில் படை இறங்கும்போது மணி வைத்திருந்தவனைக் காணவில்லை. முரசு அடிப்பவன் மேல் அம்பு பாய்ந்து, அவன் குச்சிகளைப் போட்டுவிட்டு விழுந்தான். ஆனால் முரசு நிற்கவில்லை.

"பின்னால ஒருத்தரும் இல்ல. ஆனா அடி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. நம்ம ஆளுங்க அதைக் கேட்டுக்கிட்டே துப்பாக்கிக்கு நேரா நடந்தாங்க. எதிர்ல ஒருத்தன் ஈட்டியால குத்தி முரசைக் கிழிச்சான். தோல் கிழிஞ்சா சத்தத்துக்கு இருக்க இடம் வேணாமா? கிட்ட நான்தான் இருந்தேன்."

அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, ஊரும் கேட்கவில்லை. இதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்பதுதான் ஊருக்குக் கவலையாக இருந்தது. முதல் சில நாள் யாரும் தூங்கவில்லை. நாய்கள் மலையேறிப் போய், கூப்பிட்டால் வராமல் அங்கிருந்தே ஊளையிட்டன. கோழிகள் அடைகாப்பதை விட்டுவிட்டு எழுந்து நின்றன. பிறகு மெல்ல மெல்ல, மழைக்கும் வெயிலுக்கும் பழகுவது போல ஜனங்கள் அதற்கும் பழகினார்கள். உரலில் உலக்கை அந்த அடிக்கு விழுந்தது, தொட்டில் அந்த அடிக்கு ஆடியது, சண்டை போடும் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு அடிக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

நடவு மட்டும்தான் தகராறாக இருந்தது. நாற்று நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நட வேண்டும். முரசோ முன்னால் போ, முன்னால் போ என்றது. பெண்களின் கால் அவர்களைக் கேட்காமல் முன்னால் போய், அப்போதுதான் நட்ட நாற்றையே மிதித்தது. ஊருக்குப் பிரசவம் பார்க்கும் ஒகுமா சேற்றுக் காலோடு ஒசென்னின் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"உன் புருஷனை என்னமாவது பண்ணுடி. இப்படியே போனா பனிக்காலத்துல ஊரே முரசைத்தான் தின்னணும்."

ஒசென் ஒன்றைக் கவனித்திருந்தாள். சாப்பிடும்போது மட்டும் அவனுடைய அடி தளர்ந்தது. ஆகவே நடவு முடியும்வரை அவள் வரப்பில் உட்கார்ந்து அவனுக்குத் தினைக்கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருந்தாள். முரசு மெதுவாக அடித்தது, வரிசையில் நில் என்றது, அந்த வருஷம் நாற்று நின்ற மாதிரி நேரான வரிசையில் இவானேயில் ஒருநாளும் நின்றதில்லை. வயல் முழுக்கப் படை அணிவகுத்து நிற்பதைப் போலிருந்தது. அதைப் பார்த்து எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஒசென்னால் மட்டும் முடியவில்லை.

ஏனென்றால் அவனுடைய பயம் அவளுக்குத் தெரியும். அவன் கனவில் ஆற்றைக் கண்டுவிட்டால் அடி வேகமெடுக்கும், விடாமல் அடிக்கும், பாய் என்று சொல்லும். அப்போது ஊரிலுள்ள ஆண்களும் பெண்களும் கண்ணைத் திறக்காமலேயே எழுந்து, அரிவாளையோ கழியையோ கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெட்கத்தோடு உள்ளே போவார்கள். ஒசென் தவிட்டுப் பையைச் சுட வைத்து அவன் மார்பில் ஒற்றி, அந்தப் பயத்தை இறக்குவாள். இறங்க இறங்க, அவளுக்குள் அது ஏறும்.

நாற்று பச்சை பிடித்த பிறகு உப்பு விற்பவன் வந்தான். உப்போடு செய்தியும் கொண்டுவந்தான். ஆற்றில் சாகாமல் தப்பியவர்களை ஹிஷினுமாவின் ஆட்கள் ஊர் ஊராகத் தேடுகிறார்கள். ஒளிந்தவன் தலை போகும், ஒளித்தவன் வீடு போகும், வாயைத் திறக்காத ஊர் மொத்தமாகப் போகும். மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஏற்கெனவே போய்விட்டது. அவன் சொல்லி முடிப்பதற்குள் மலை முகட்டுக்கு மேலே புகை தெரிந்தது. கரி மூட்டம் போடுகிற புகை அப்படிக் கறுப்பாக இருக்காது.

ஊர்த் தலைவர் சோபெய் அன்றைக்கு மாலையில் ஒசென்னிடம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

"அவனை மலைக்கு அனுப்பிடும்மா."

"அவர் உங்களுக்கு என்ன பண்ணினார்?"

"ஒண்ணும் பண்ணல. ஆனா மத்த ஊர்ல எல்லாம் மனுஷனைத்தான் ஒளிக்கணும். நாம சத்தத்தையில்ல ஒளிக்க வேண்டியிருக்கு!"

மொஹெய் மறுபேச்சுப் பேசாமல் மலையேறிப் போனான். ஆனால் மலை அந்தச் சத்தத்தை வாங்கி, பாறைக்குப் பாறை கைமாற்றி, நாலு திசையிலிருந்தும் திருப்பி அனுப்பியது. நாலு படை ஊரைச் சுற்றி வளைத்த மாதிரி இருந்தது. சோபெய் தாமே மூச்சிரைக்க ஓடிப்போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு ஒசென்னின் வீட்டுத் தரைப்பலகைகளைப் பெயர்த்து, கீழே குழி தோண்டி அவனைப் படுக்க வைத்து, மேலே உமி மூட்டைகளை அடுக்கிப் பலகையை மூடினார்கள். உமியைத் தாண்டிச் சத்தம் வந்தது. மூட்டைகளின் மேல் மண்ணைக் கொட்டினார்கள். மண்ணைத் தாண்டியும் வந்தது.

"அப்போ ஒண்ணு பண்ணலாம்," என்றாள் ஒகுமா. "நாமளும் அடிப்போம். ஊரே அடிச்சா எது யாரோட சத்தம்னு எவன் கண்டான்?"

அப்படித்தான் முடிவாயிற்று. ஹிஷினுமாவின் ஆட்கள் வந்த நண்பகலில் இவானேயில் ஒரு கையும் சும்மா இல்லை. ஒருத்தி நெல் குத்தினாள், ஒருவன் வைக்கோலைக் கொட்டாப்புளியால் அடித்து மிருதுவாக்கினான், சோபெய் தம் வேலியிலே உறுதியாக நின்ற முளையையே மறுபடி மறுபடி அடித்து இறக்கினார். ஒசென் தன் வீட்டு முன்கூடத்தில், சரியாகக் குழிக்கு மேலே, துவைகல்லைப் போட்டு ஈரத்துணியைக் கட்டையால் அடித்தாள். காலுக்குக் கீழே அவனுடைய அடி விழும்போதே அவளுடைய அடியும் விழுந்தது, அவளைப் பார்த்து அடுத்த வீடு, அடுத்த வீட்டைக் கேட்டு அதற்கடுத்த வீடு என்று, பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே நெஞ்சாக அடித்தது.

வந்தவர்களுக்குத் தலைவன் ஹதாயா. ஒல்லியான ஆள், வயது அதிகமில்லை. பல நாளாகத் தூங்காதவனுக்கு இருக்கும் கண்கள் அவனுக்கு. அவனுடைய வீரர்கள் வீடு வீடாகப் புகுந்து பார்க்க வேண்டும் என்றுதான் வந்தார்கள். ஆனால் ஊருக்குள் நுழைந்ததுமே அவர்கள் கால்கள் அடியோடு சேர்ந்துகொண்டன. அவர்கள் அதைக் கவனிக்கவேயில்லை. அணியாக நடந்து, எந்த வீட்டு வாசலிலும் நிற்காமல், நேராக ஒசென்னின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

ஹதாயா குதிரையிலிருந்து இறங்கி உள்ளே வந்தான். ஒசென் தலையைக் குனிந்துகொண்டு அடித்தாள். கீழே மொஹெய்க்குக் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், அடி வேகமெடுத்தது. அவளும் வேகமாக அடித்தாள். ஊரும் வேகமாக அடித்தது. துணி கிழிந்து கல்லில் ஒட்டியது. அவள் கிழிந்த துணியையே அடித்தாள். அவள் மணிக்கட்டு கழன்றுவிடும் போலிருந்தது.

"நிறுத்து," என்றான் ஹதாயா.

தனக்குக் கேட்காதது போல அவள் அடித்தாள்.

"நிறுத்துன்னு சொல்றேன். ஊர்ல எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க!"

வீரர்கள் கத்தினார்கள். உலக்கை நின்றது. கொட்டாப்புளி நின்றது. சோபெய் வேலி முளையை விட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். ஒகுமாவும் வந்து நின்றாள். கடைசியாக ஒசென்னும் கட்டையைக் கீழே வைத்தாள்.

முரசு நிற்கவில்லை.

எல்லாச் சத்தமும் விலகிக்கொண்டதால் அது முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. விடாமல் அடித்தது. பலகை அதிர்ந்தது, தொட்டித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது, உத்தரத்திலிருந்து ஒட்டடை உதிர்ந்து ஹதாயாவின் தோளில் விழுந்தது. வெளியே அவனுடைய குதிரை முன்னங்காலைத் தூக்கிக் கனைத்தது. எல்லாம் முடிந்தது என்று ஒசென் நினைத்தாள். முதலில் என்னை வெட்டட்டும், நான் அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள்.

நிமிர்த்தியவள் அவன் முகத்தைக் கண்டாள். அதில் கோபம் இல்லை. தேடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தவனின் முகமாகவும் அது இல்லை. அது வெளுத்திருந்தது, உதடு காய்ந்திருந்தது, அவன் அவள் பக்கம் குனிந்து, தன் ஆட்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"இது... உனக்குக் கேக்குதா?"

அவளுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. மறுகணம் எல்லாம் புரிந்தது. இவனும் அந்த ஆற்றங்கரையில் இருந்தவன்தான். அடிப்பவன் இல்லாத முரசை எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டவன். அன்றிலிருந்து படுத்தாலும் எழுந்தாலும் இவன் தலைக்குள் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. இப்போது கேட்பது வெளியிலா, தனக்குள்ளா என்று இவனுக்குத் தெரியவில்லை.

"எது ஐயா?" என்றாள் ஒசென். தன் வாயிலிருந்து அந்தக் குரல் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

அவன் சோபெயின் பக்கம் திரும்பினான். "உனக்கு?"

சோபெயின் முகத்தில் வேர்வை அருவியாக வழிந்தது. மலைக்கு அனுப்பச் சொன்னவர் அவர். விரலைக் கீழே காட்டினால் போதும், ஊர் பிழைத்துவிடும். அவருடைய கழுத்து நரம்பு அந்த அடிக்கே துடித்ததை ஒசென் பார்த்தாள். அவர் வாய் திறந்து மூடி மறுபடி திறந்தது.

"ஓடையில தண்ணி ஓடுது எஜமான்," என்றார். "வேற ஒண்ணும் இல்லையே."

"காத்துகூட இல்ல," என்றாள் ஒகுமா. முரசின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று அவள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "எலை அசையல எஜமான்! ஊரே அமைதியா இருக்கு!"

ஹதாயா தன் வீரர்களைப் பார்த்தான். அவர்கள் எல்லாரும் ஆற்றைக் கடந்து வந்தவர்கள். ஒவ்வொருவனும் தனக்குத்தான் சித்தம் கலங்கிவிட்டது, சொன்னால் படையிலிருந்து துரத்துவார்கள் என்று, ராத்திரி கேட்ட முரசை அடுத்தவனுக்குச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு வந்தவன்.

"உங்கள்ல யாருக்காவது ஏதாவது கேக்குதா?"

"இல்லை," என்றான் முதலில் நின்றவன். "இல்லை," என்றான் அடுத்தவன். ஒருவனுடைய முழங்கால் அடிக்கு அடி உதறியது, அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவனும் "இல்லை" என்றான்.

ஹதாயா மண்டியிட்டு உட்கார்ந்து பலகையில் உள்ளங்கையை வைத்தான். அவன் கை துள்ளியது. நெருப்பிலிருந்து எடுப்பது போலக் கையை எடுத்து, அது நடுங்குவதைப் பார்த்தான். தன் கைதான் நடுங்குகிறது என்று எண்ணி, மற்றவர்கள் பார்ப்பதற்குள் அதை அக்குளில் இடுக்கி மறைத்துக்கொண்டான். பிறகு எழுந்தான். வேறெதுவும் கேட்கவில்லை. இந்த ஊரில் யாருமில்லை, கிளம்புங்கள் என்றான். குதிரையில் ஏறக்கூட அவனால் முடியவில்லை, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனான். சத்தத்துக்கு முதுகைக் காட்டி நடப்பது அவர்களுக்கு, வெள்ளத்தை எதிர்த்து நடப்பதைப் போலக் கஷ்டமாக இருந்தது. வளைவைத் தாண்டும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் போனபிறகும் இவானேயில் உண்மையைச் சொல்ல ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்தால்? வழியில் ஆள் நிறுத்தி ஒட்டுக்கேட்டால்? ஆகவே கேட்கவில்லை என்று சொன்னதை அவர்கள் தொடர்ந்து சொன்னார்கள். அடுப்படியில் சொன்னார்கள், வயலில் சொன்னார்கள். அடிக்குத் தலையாட்டிய குழந்தைகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்கள். சொல்லச் சொல்ல அது அவர்களுக்கு உண்மையாகவே ஆகிக்கொண்டு வந்தது. உலக்கை அதன் இஷ்டத்துக்கு விழ ஆரம்பித்தது. மொஹெய் குழியிலிருந்து ஏறி வந்து பழையபடி வீட்டில் படுத்தான். கதிர் முற்றியபோது ஒகுமா வந்து, "பரவாயில்லடி, உன் புருஷன் நெஞ்சு அடங்கிடுச்சே," என்றாள். பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. ஒசென் அவளைப் பார்த்தாள், அவள் விளையாடவில்லை. இப்படி ஒவ்வொருவராகக் காது அடைபட்டு, கடைசியில் தான் மட்டும்தான் மிச்சம் என்று தெரிந்தபோது, வீரர்கள் வந்த நாளில் இருந்ததைவிட அவளுக்குப் பயமாக இருந்தது.

முதல் பனி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் உப்பு விற்பவன் மறுபடி வந்தான். ஹதாயாவின் கதையை அவன்தான் சொன்னான். வேறொரு போரில், இரண்டு படையும் முரசைத் தொடாமல் காத்து நின்றபோது, அந்த ஆள் தன் வரிசையை விட்டுத் தனியாக முன்னால் நடக்க ஆரம்பித்தானாம். கூப்பிட்டும் நிற்கவில்லையாம். உங்களுக்குக் கேட்கவில்லையா, உங்களுக்குக் கேட்கவில்லையா என்று சிரித்தபடி எதிரியின் ஈட்டிகளுக்கு நேராகப் போனானாம்.

கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒசென் உப்பை மடியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.

பனி விழுந்த காலையில் அவள் கண் விழித்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. அவள் அலறிக்கொண்டு மொஹெயின் மேல் விழுந்தாள். அவன் செத்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். ஆனால் மார்பில் வைத்த கை துள்ளியது. காதை வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கையை வைத்தாள், துள்ளியது. அவளுடைய காதும் அடைபட்டுவிட்டது.

மொஹெய் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அவன் முகம் இளைத்திருந்தது.

"ஒசென், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருக்கேன். இப்பல்லாம் நான் தெருவுல நடந்தா யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. நாய்கூட கால்கிட்டப் படுத்துத் தூங்குது. சத்தம் வெளியில நின்னு போச்சா? எனக்கு மட்டும்தான் உள்ள அடிக்குதா?" அவன் அவளுடைய கையை இறுக்கிப் பிடித்தான். "இது உனக்குக் கேக்குதா?"

வேறொரு முகம் இதே மாதிரி வெளுத்து, உதடு காய்ந்து, இதே மாதிரி அவளை நோக்கிக் குனிந்தது அவளுக்கு நினைவு வந்தது.

"கேக்குதே," என்றாள்.

"நிஜமா?"

"காது கிழியுது. மனுஷி தூங்க முடியுதா இந்த வீட்டுல?"

அவன் நம்பாமல் பார்த்தான். அவள் ஒரு கையை அவன் மார்பிலேயே வைத்துக்கொண்டு, அது துள்ளும்போதெல்லாம் மற்றக் கையால் தரைப்பலகையில் தட்டினாள். ஓர் அடிகூடப் பிசகவில்லை. தட்டலையும் தன் நெஞ்சையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு கிடந்தவனின் நெற்றிச் சுருக்கம் மெல்ல விலகியது.

"இவ்வளவு சத்தமாவா?"

"இவ்வளவு சத்தமா."

அவன் அவள் பக்கமாகத் திரும்பிப் படுத்து, சற்று நேரத்தில் தூங்கிப்போனான். வெளியே பனி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அடுப்பு மூட்ட வேண்டும், கூரைப் பனியைத் தள்ள வேண்டும். ஒசென் எழுந்திருக்கவில்லை. கையை எடுத்தால் அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ள இனி அவளுக்கு வேறு வழியில்லை என்பதால், துள்ளத் துள்ள அதை அழுத்தி வைத்துக்கொண்டு, தட்டிக்கொண்டே இருந்தாள்.